சதுரகிரிக்குப் போய் வரலாமா?

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகிறவர்கள் ஆண்டாளைச் சேவிப்பார்கள். 192 அடி கோபுரத்தைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்ப்பார்கள். பால்கோவாப் பொட்டலத்துடன் பஸ் ஏறிவிடுவார்கள். அதே கழுத்தைச் சற்று மேற்கே திருப்பினால் ஒரு மலைத்தொடர் தெரியுமே, அதை எத்தனை பேர் கவனிக்கிறார்கள்? மலைவாசம் என்றால் நமக்கு ஊட்டியும் கொடைக்கானலும்தான். அங்கே மோட்டார் போகும், ஹோட்டல் உண்டு. இங்கேயோ கால்தான் வாகனம்!

இந்தத் தொடரில்தான் சதுரகிரி இருக்கிறது. சித்தர்கள் வாழும் மலை என்பது நம்பிக்கை. வத்திராயிருப்பு வழியாகத் தாணிப்பாறை அடிவாரத்துக்குப் போய், அங்கிருந்து ஏற வேண்டும். வழுக்குப் பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், நாவல் ஊற்று, பச்சரிசிப் பாறை, பிலாவடிக் கருப்பு என்று வழிநெடுகப் பெயர்கள். நாழிகைக் கணக்கை மறக்கடிக்க முன்னோர்கள் செய்த தந்திரமோ என்னவோ! நல்ல கால்களுக்கே நாலு மணி நேரம் ஆகும். மேலே சற்றே சாய்ந்த லிங்க வடிவில் சுந்தர மகாலிங்கம். இன்னும் கொஞ்சம் ஏறினால் சந்தன மகாலிங்கம். ஆடி அமாவாசைக்கு மலையே மனிதத் தலையாகிவிடும்.

ஸ்விட்ஜர்லாந்தின் ஆல்ப்ஸ் மலையில் நடந்து போகிறவர்களுக்காகக் குடில்கள் உண்டு. அங்குள்ள மலையேறுவோர் சங்கம் 1863-இல் தொடங்கியது. அதே ஆண்டிலேயே முதல் குடிலைக் கட்டிவிட்டது. இன்று 150-க்கு மேல் இருக்கின்றன. சூடாக ஒரு சூப், படுக்க ஒரு பலகை, பெயரும் அடுத்துப் போகும் இடமும் எழுதிவைக்க ஒரு புத்தகம். ஆள் வந்து சேராவிட்டால் தேடுகிறவர்களுக்கு அந்தப் புத்தகமே வழிகாட்டி.

இதைப் படித்துப் பெருமூச்சு விட வேண்டாம். சதுரகிரியிலும் கஞ்சி மடங்கள் இருந்தன. பாட்டிமார்கள் ஒரு நாள் ஏறி, மடத்தில் கஞ்சி குடித்துப் படுத்து, மறுநாள் நிதானமாக இறங்குவார்கள். இப்போது மலையில் இரவு தங்க அனுமதி கிடையாது, மடங்களும் மூடப்பட்டுவிட்டன. ஏறுவதும் இறங்குவதும் ஒரே பகலில் முடிய வேண்டும். மலை அதே மலைதான்; அறுபது வயதுக் கால்களுக்கு மட்டும் அது இரண்டு மடங்கு உயர்ந்துவிட்டது!

காரணம் இல்லாமல் இல்லை. 2021-இல் இந்தக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமாயிற்று. இரவில் அது மனிதர்களின் இடம் அல்ல. அதைவிடப் பெரிய காரணம் தண்ணீர். பாதை ஓடைகளைத் திரும்பத் திரும்பக் கடக்கிறது. வெயில் காலத்தில் அவை வெறும் உருண்டைக் கற்கள், குழந்தைகூடத் தாண்டும். ஆனால் உச்சியில் பெய்யும் மழை கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். 2015 மே மாதம், அமாவாசையை ஒட்டி, அப்படித்தான் வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்களும் கடந்துகொண்டிருந்தவர்களும் அடித்துச் செல்லப்பட்டார்கள், உயிர்கள் போயின. அதற்குப் பிறகு கட்டுப்பாடுகள் இறுகின. மடத்தின் கஞ்சிக்காக நான் ஏங்கினாலும், இந்தக் கண்டிப்பைக் குறை சொல்ல மனம் வரவில்லை. இறங்கி வரும் பாட்டிக்கு வழியில் ஒரு நிழற்கூரையும் முதலுதவியும் இருந்தால் போதும் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

நீங்கள் போவதானால், அன்று அனுமதி உண்டா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். விடிந்ததும் ஏறத் தொடங்குங்கள். பட்டுப் புடவை வேண்டாம். ரப்பர்ச் செருப்பும் வேண்டாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கமே சோதனை. ஒரு கைத்தடி அவசியம். ஓடையில் தண்ணீர் கலங்கினால், சருகுகள் மிதந்து வந்தால், "ஒரே எட்டில் தாண்டிவிடலாம்" என்று வீட்டுக்காரர் சொன்னாலும் கேட்காதீர்கள். கரையேறி மேட்டில் நில்லுங்கள். தண்ணீர் வடியும் வரை காத்திருந்தால் சாப்பாடு ஆறிப்போகும், அவ்வளவுதான்.

அத்தனை ஏற முடியாதவர்களுக்குச் செண்பகத்தோப்பு இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகிலேயே மலையடிவாரம். 1988-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்தக் காட்டில்தான் சாம்பல் நிற மலை அணில் வாழ்கிறது. ராமர் முதுகில் தடவிய நம் வீட்டு அணில் அல்ல. வாலோடு சேர்த்து இரண்டு அடிக்கு மேல் வளரும்! தரையில் இறங்க அதற்கு மனமே வராது. கிளைக்குக் கிளை தாவித்தான் ஊர்கோலம். அதனால் ஒரு மரத்தை வெட்டினால் அதன் தெருவையே வெட்டியதாகிறது.

ராஜபாளையத்துக்காரர்களுக்கோ இந்த மலை வெறும் காட்சிப்பொருள் அல்ல. அய்யனார் கோயில் அருவிப் பக்கம் இறங்கி வரும் தண்ணீர் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் சேர்ந்து ஊருக்குக் குடிநீராகிறது. அருவியில் குளிக்கப் போகும் பெண்கள் சோப்பையும் ஷாம்பூ உறையையும் அங்கே விட்டுவிட்டு வந்தால், இரண்டு நாள் கழித்து அது யார் வீட்டுக் குடத்துக்கு வந்து சேரும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.