அம்மை ஊசிக்குக் காசு கொடுக்கலாமா?

குழந்தைக்கு ஒன்றரை வயது ஊசியைப் போட்டுவிட்டு, தடுப்பூசி அட்டையின் ஓரத்தில் டாக்டர் பேனாவால் ஒரு வரி எழுதித் தருவார்: சின்னம்மை. "இது கவர்மென்ட்ல கிடையாதும்மா, வெளியிலதான் போட்டுக்கணும்." ஒரு டோஸ் சுமார் 2,000 ரூபாய், கம்பெனிக்குக் கம்பெனி முன்னே பின்னே இருக்கும். போட வேண்டியது இரண்டு டோஸ். வீட்டுக்கு வந்தால் பாட்டி கேட்பார், "அதான் அம்மை ஊசி போட்டாச்சே, இன்னும் என்ன?" ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போட்டது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும். சின்னம்மையை அது தடுக்காது.

வேப்பிலையில் படுக்க வைத்து, மூன்று தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும் என்ற அனுபவம் பொய்யில்லை. ஆரோக்கியமான சிறு குழந்தைக்குப் பெரும்பாலும் பத்து நாளில் பொருக்கு உதிர்ந்துவிடும். ஆனால் அந்தப் பத்து நாளும் பிள்ளைக்குப் பள்ளி இல்லை, அம்மாவுக்குக் கூலி இல்லை. ஒரு வீட்டில் இதுவரை அம்மை வராதவர்கள் இருந்தால், அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குத் தொற்றிவிடும். கிருமி புகுந்து முத்து தெரிய 10 முதல் 21 நாள் ஆவதால், மூத்தவனுக்குத் தண்ணீர் ஊற்றி முடிக்கிற நேரத்தில் இளையவளுக்கு ஆரம்பிக்கும். வாசலில் வேப்பிலை செருகி வெளியாளை நிறுத்துவது நல்ல வழக்கம். ஆனால் முதல் கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே நோய் பரவத் தொடங்கிவிடுகிறது.

இதைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. தடுப்பூசி வருவதற்கு முன் குளிர்நாடுகளில் பத்து வயதுக்குள் பெரும்பாலோருக்குச் சின்னம்மை வந்து போய்விடும். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் பலர் அது வராமலே வளர்கிறார்கள். பிறகு கல்லூரி விடுதியிலோ, வேலைக்குப் போன ஊரிலோ பிடித்துக்கொள்கிறது. பெரியவர்களுக்கு அது நுரையீரல் வரை இறங்கலாம். பிரசவத்தை ஒட்டிய நாட்களில் தாய்க்கு வந்தால் பிறக்கும் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. ஆகவே, இரண்டு டோஸுக்குத்தான் காசு இருக்கிறது, யாருக்குப் போடுவது என்று என்னைக் கேட்டால், சிறு குழந்தைக்கு முன்னால், இதுவரை அம்மை வராத பதினான்கு வயது அக்காவுக்குப் போடுங்கள் என்பேன். அந்த வயதில் நான்கு முதல் எட்டு வார இடைவெளியில் இரண்டு ஊசி. வீட்டில் புற்றுநோய் சிகிச்சையில் யாராவது இருந்தால், அவருக்கு இந்த ஊசி ஆகாது. கூட இருக்கும் பிள்ளைகளுக்குக் கட்டாயம் வேண்டும்.

தன் மகன் சின்னம்மையில் அவதிப்பட்டதைப் பார்த்த ஜப்பானிய மருத்துவர் மிச்சியாகி தகஹாஷி, 1974இல் உருவாக்கியது இந்தத் தடுப்பூசி. அமெரிக்கா 1995இல் எல்லாக் குழந்தைகளுக்கும் பரிந்துரைத்தது. காசு கொடுத்தால்தான் என்று வைத்திருந்த பிரிட்டனும் 2026 ஜனவரியில் இலவசமாக்கியது. நம் தேசிய அட்டவணையில் இன்னும் இடமில்லை. வசதியுள்ளவர்கள் மட்டும் போட்டுக்கொள்ளும்போது நோய் நிற்பதில்லை, சுற்றுவது குறைகிறது. அப்போது ஊசி போடாத பிள்ளைக்கு அது இன்னும் தாமதமாக, இன்னும் கடுமையான வயதில் வந்து சேரும். அதனால்தான், திட்டத்தில் சேர்க்கும் நாடு நூற்றுக்கு எண்பது குழந்தைகளையாவது எட்ட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இந்தச் சுமை ஏறுவது அநியாயம். அரசு இதை இலவசமாகத் தர வேண்டும்.

அதுவரை, கடன் வாங்கிப் போட வேண்டியதில்லை. இலவச ஊசிகளில் ஒன்றையும் தவறவிடாமல் போட்டு முடியுங்கள். அம்மை கண்டால் பிள்ளைக்கு ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். பெரியவர்களுக்கு வந்தால் முதல் நாளே டாக்டரிடம் போங்கள். வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை முத்து தெரிந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். மாத்திரையும் வேப்பிலையும் ஒரே வீட்டில் இருக்கலாம்.