மலைச்சாலையும் மிதிவண்டிப் பந்தயமும்

புனே மாவட்டத்தில் 2026ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், பல நாட்டு வீரர்கள் கலந்துகொண்ட மிதிவண்டிப் பந்தயமொன்று ஐந்து நாள் நடைபெற்றது. மொத்தத் தொலைவு 437 கிலோமீட்டர். ஒரு காலத்தில் மிதிவண்டி நகரமென்றே பெயர்பெற்றிருந்த புனேக்கு இத்தகைய காட்சி முற்றிலும் புதிதன்று. மும்பையிலிருந்து புனே வரை நடத்தப்பட்டுவரும் பந்தயம் அதற்கு நெடுங்காலம் முற்பட்டது. அப்பந்தயத்தில் போர்காட் கணவாயின் உச்சியை முதலில் எட்டுபவருக்கு, ‘கணவாயின் அரசன்’ என்று பொருள்படும் மராத்திப் பட்டம் தனியே அளிக்கப்படுவதுண்டு.

பந்தயம் காண விரும்புவோர் சமவெளியை விட்டு மலைச்சாலையை நாடுவது எங்கும் உள்ள வழக்கமாகும். இதற்கு இயற்கைக் காட்சி மட்டும் காரணமன்று. பௌதிகக் காரணமும் உண்டு.

ஒரு கிலோகிராம் எடையை ஒரு வினாடியில் சுமார் 10 சென்டிமீட்டர் உயர்த்துவதற்கு வேண்டிய திறனே ஒரு வாட் எனப்படும். பயிற்சி பெற்ற பந்தய வீரரொருவர் 300 வாட் அளவில் அரைமணி நேரம் மிதிக்க வல்லவர். சமதளத்தில் அவர் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டிச் செல்வார். அப்போது அவரது உழைப்பில் பத்தில் ஒன்பது பங்கு காற்றை விலக்குவதிலேயே கழிந்துவிடும். ஆகவே முன்னே செல்பவரின் முதுகுக்குப்பின் ஒட்டிச் செல்பவருக்குப் பெரும் சிக்கனம் கிட்டுகிறது. வீரர் அனைவரும் தேனீக் கூட்டம்போல் ஒன்றாய்ச் செல்வதன் இரகசியம் இதுவே. சாலையோரம் நிற்பவருக்கோ, அக்கூட்டம் சில வினாடிகளில் கண்ணைவிட்டு மறைந்துவிடுகிறது.

இருபதுக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் நிலைமை தலைகீழாகிறது. அதே வீரர், அதே 300 வாட் உழைப்பில், மணிக்கு 22 கிலோமீட்டர்தான் செல்ல இயலும். காற்று கவர்ந்துகொள்வது இப்போது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே. எஞ்சியதில் மிகப் பெரும் பகுதி உடலையும் வண்டியையும் மேலே தூக்குவதற்குச் செலவாகிறது. பிறர் முதுகுக்குப்பின் ஒதுங்குவதால் புவியீர்ப்பு குறைந்துவிடாதன்றோ! எனவே கூட்டம் சிதறுகிறது. இலேசான உடலும் வலிய இருதயமும் உடையோர் முந்துகின்றனர். மற்றையோர் ஒருவர் பின் ஒருவராய்ப் பிந்துகின்றனர். யார் யாரினும் வல்லவர் என்பதைப் பார்வையாளர் நின்று நிதானமாகக் காணலாம்.

நிற்க, பார்வையாளரும் மிதிவண்டியிலேயே மேலே செல்ல எண்ணினால் என்ன நேரும் எனப் பார்ப்போம். புனேயிலிருந்து வருவோர் பீடபூமி வழியாகவே கணவாயின் மேல்முனையாகிய கண்டாலாவை அடைந்துவிடுவர். மலையின் கடுமை அவர்களுக்குத் தெரியாது. கீழேயுள்ள கோபோலியிலிருந்து வருவோரே சுமார் 500 மீட்டர் உயரம் ஏறவேண்டும். இவ்வழியில் சிங்ரோபா கோயில் உள்ளது. கணவாயின் வழியை ஆங்கிலேயருக்குக் காட்டிய ஆட்டிடையரின் நினைவாக எழுந்தது அக்கோயிலெனக் கதை வழங்குகிறது. 1863இல் திறக்கப்பட்ட ரயில்பாதை 37க்கு ஒன்று என்ற சரிவுக்கு மேற்படாதவாறு அமைக்கப்பட்டது. இரும்பின் மேல் இரும்பு வழுக்குமாதலின் அதற்கு மேல் துணிய இயலவில்லை. ரப்பர்ச் சக்கரத்திற்கு அத்தடை இல்லை. அதற்குத் தடையாவது ஓட்டுபவரின் கால்களே.

பல்லிணை மாற்றமில்லாத சாதாரண வண்டியில் மிதியை ஒருமுறை முழுதும் சுற்றினால் வண்டி சுமார் 5 மீட்டர் முன்னேறும். ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோகிராம் எனக் கொள்வோம். இருபதுக்கு ஒன்று என்ற ஏற்றத்தில், மிதியின்மேல் சராசரி 24 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை இடைவிடாது அழுத்தவேண்டும். பத்துக்கு ஒன்று என்றால் அவ்விசை ஏறத்தாழ இருமடங்காகும். மிதி உச்சியிலும் அடியிலும் இருக்கும்போது காலின் விசை பயன்படாததால், இடையில் உடலின் முழு எடையையும் ஊன்றினாலும் போதாத நிலை உண்டாகிறது. அவ்விடத்தில் இறங்கித் தள்ளிச் செல்வதில் வெட்கமொன்றுமில்லை. பல்லிணை மாற்றும் அமைப்புடைய வண்டியில், சுற்றுக்கு 2 மீட்டர் வீதம் செல்லுமாறு மாற்றிக்கொண்டால் விசை ஐந்தில் இரு பங்காகக் குறையும். ஆனால் சுற்றுகள் அதற்கேற்பப் பெருகும். மொத்த வேலை மாறுவதில்லை. பழக்கமற்றவர் 100 வாட் அளவில் மிதித்தால், இருபதுக்கு ஒன்று ஏற்றமுள்ள 10 கிலோமீட்டர் சாலைக்கு ஒன்றே கால் மணிக்கு மேலாகும். ஆகையால் சாலையை அடைக்குமுன் உரிய இடம் சேருமாறு முற்கூட்டியே புறப்படவேண்டும்.

ஏறுவதினும் இறங்குவதே அபாயகரமானது. மேலே ஏறியபோது சேமித்த சக்தி முழுவதும் இறங்குகையில் வெளிப்படுகிறது. மேற்கூறிய 85 கிலோகிராமுக்கு, அது ஒன்றே கால் லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. மெதுவாக இறங்குபவரின் வண்டியில் இதன் பெரும்பகுதி பிரேக் கட்டையிலும் சக்கர விளிம்பிலும் வெப்பமாக மாறுகிறது. பந்தயம் முடிந்ததும் களைத்த கைகளோடு, மோட்டார் வண்டிகளுக்கிடையே இறங்கும் பார்வையாளர் இதை மறந்துவிடலாகாது. வளைவுக்குள் நுழைந்தபின் அன்றி, அதற்கு முன்பே வேகத்தைத் தணிக்கவேண்டும். முன், பின் பிரேக்குகள் இரண்டையும் உபயோகிக்கவேண்டும். எஃகு விளிம்பு பனியில் நனைந்திருந்தால் கட்டையின் பிடிப்பு வெகுவாகக் குறையும். தேய்ந்த கட்டைகளைப் புறப்படுவதற்கு முதல் நாளே மாற்றிக்கொள்ளல் நலம்.