குழாய் வளைப்பவரின் கோசீகண்ட்

பத்தாம் வகுப்பில் முக்கோணவியல் தொடங்கும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வரும். "சார், சைன், கோசைன், டேன் மூணும் புரியுது. அதையே தலைகீழாப் போட்டு கோசீகண்ட்னு எதுக்கு சார் தனியா ஒரு பேரு?"

கோபுரம், கலங்கரை விளக்கம், பட்டம் என உயரங்களும் தொலைவுகளும் பகுதியில் நாம் எடுக்கும் கணக்குகள் பெரும்பாலும் டேன்ஜெண்ட்டிலேயே முடிந்துவிடும். "முற்றொருமைகளை நிறுவ உதவும்" என்பது மட்டுமே கோசீகண்ட்டுக்கு என்னிடம் இருந்த பதில். பல ஆண்டுகளாக அதையே சொல்லி வந்தேன்.

சென்ற ஆண்டு பழைய மாணவர் ஒருவர் பள்ளிக்கு வந்திருந்தார். பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறியவர். பின்னர் ஐ.டி.ஐ.யில் வயர்மேன் பிரிவில் படித்துவிட்டு, சவுதி அரேபியாவில் மின்பணியாளராக வேலை செய்கிறார். "உனக்குக் கணக்கு வராதுப்பா, கைத்தொழில் ஏதாவது கத்துக்கோ" என்று அவரிடம் அந்நாளில் சொன்னது நான்தான். அவருக்கு அது நினைவிருந்ததா என்று தெரியாது. எனக்கு நினைவிருந்தது.

பையிலிருந்து வளைந்த இரும்புத் துண்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். மின்கம்பி செல்லும் இரும்புக் குழாயை வளைக்கும் பெண்டரின் தலைப்பகுதி அது. பிடியைக் கழற்றிவிட்டுக் கொண்டுவந்திருந்தார். அதன் பக்கவாட்டில் கோணங்களும் எண்களும் பொறிக்கப்பட்டிருந்தன.

"சார், 30 டிகிரிக்கு 2, 45க்கு 1.4, 60க்கு 1.2. தினமும் இதை வச்சுத்தான் வேலை. மனப்பாடம் பண்ணிக்கோன்னு ஃபோர்மேன் சொன்னார். இந்த நம்பர் எங்கேர்ந்து வருதுன்னு யாரும் சொல்லல. நீங்க சொல்வீங்கன்னு எடுத்துட்டு வந்தேன்."

அந்த எண்களைப் பார்த்த பிறகுதான், என் மாணவர்கள் இத்தனை ஆண்டுகளாகக் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்தது.

மரச்சுவருக்குள் இரும்புக் குழாய்

நம் ஊர் வீடுகளில் செங்கல் சுவரில் காடி வெட்டி பி.வி.சி. பைப்பைப் புதைக்கிறோம். திருப்பம் வரும் இடத்தில் கடையில் வாங்கிய பெண்டைச் செருகிவிடுகிறோம். குழாயைக் கணக்குப் போட்டு வளைக்கும் தேவை பெரும்பாலும் எழுவதில்லை. இந்தப் பெண்டர் அமெரிக்க முறைப்படி நடக்கும் பணியிடங்களுக்கு உரியது. ஆகவே அங்கே குழாய் எப்படிச் செல்கிறது என்று பார்ப்போம்.

அமெரிக்காவில் பெரும்பாலான தனிவீடுகள் மரச்சட்டங்களால் கட்டப்படுகின்றன. நிற்கும் சட்டத்தை ஸ்டட் என்பார்கள். இரண்டுக்கு நான்கு என்று பெயர் இருந்தாலும், இழைத்தபின் அதன் உண்மை அளவு 1½ அங்குலத்துக்கு 3½ அங்குலம். ஒரு சட்டத்தின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம் வழக்கமாக 16 அங்குலம். இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் இடைவெளி 14½ அங்குலம். இருபுறமும் ஜிப்சம் பலகை அறைந்துவிட்டால் அது சுவராகிவிடும்.

அந்நாட்டின் பல பகுதிகளில் வீட்டுச் சுவருக்குள் பிளாஸ்டிக் உறையிட்ட கேபிளையே இழுத்துவிடுகிறார்கள். சிகாகோ நகரிலும் அதைச் சுற்றியுள்ள பல ஊர்களிலும் மட்டும், மரவீடானாலும் கம்பிகள் உலோகக் குழாய்க்குள்தான் செல்லவேண்டும் என்பது விதி. காரணத்தை எளிதில் உணரலாம். சுவரில் படம் மாட்ட ஓர் ஆணி அடிக்கிறோம். உள்ளே கேபிள் இருந்தால் ஆணி அதைத் துளைத்துவிடும். அதனால்தான் கேபிளுக்கான துளை சட்டத்தின் விளிம்பிலிருந்து 1¼ அங்குலமாவது உள்ளே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரும்புத் தகடு அறைய வேண்டும் என்று அமெரிக்கத் தேசிய மின் விதித்தொகுப்பு சொல்கிறது. குழாய்க்கு அந்தத் தகடு தேவையில்லை. குழாயே கவசம்.

ஆனால் குழாய் கேபிளைப்போல நெளியாது. ஒரு குழாயின் நீளம் 10 அடி, அதாவது 120 அங்குலம். 14½ அங்குல இடைவெளிக்குள் நின்றுகொண்டு 120 அங்குலக் குழாயைப் பக்கவாட்டுத் துளைகளில் நுழைக்க முடியாது. எனவே துண்டுகளாக வெட்டி, கப்ளிங் போட்டு இணைக்கிறார்கள். அல்லது கிடைமட்ட ஓட்டத்தைக் கூரைப்பகுதியில் வைத்துக்கொண்டு, சுவரில் மேலிருந்து நேராகப் பெட்டிக்கு இறக்குகிறார்கள். துளைகள் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும்.

துளையின் அளவுக்கும் வரம்பு உண்டு. அரை அங்குலக் குழாய் என்பது பெயர்தான். அதன் வெளிவிட்டம் 0.706 அங்குலம். அதற்கு ⅞ அங்குலத் துளை போதும். பாரம் தாங்கும் சட்டத்தில் துளையின் விட்டம் அகலத்தில் 40 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. 3½ அங்குலத்தில் 40 விழுக்காடு 1.4 அங்குலம். அதைவிடப் பெரிதாகத் துளைத்தால் மின்வேலை முடியும், வீடு வலுவிழக்கும்.

குழாயை வெட்டியபின் உள்விளிம்பில் நிற்கும் பிசிறைச் சுரண்டி நீக்குவதும் கட்டாயம். விட்டுவிட்டால் கம்பியை இழுக்கும்போது அதன் மேலுறை கிழிந்துவிடும். அங்கே இரும்புக் குழாயே நிலஇணைப்பாகவும் பயன்படுவதுண்டு. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு கப்ளிங் தளர்ந்தால்கூட அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

ஆஃப்செட் என்னும் இரட்டை வளைவு

இப்போது கணக்குக்கு வருவோம். மேலிருந்து நேராக இறங்கும் குழாய்க்குக் குறுக்கே ஒரு கழிவுநீர்க் குழாய் இருக்கிறது. நம் குழாய் 3 அங்குலம் பக்கவாட்டில் விலகி, பிறகு பழைய திசையிலேயே தொடர வேண்டும். இதற்கு இரண்டு வளைவுகள் தேவை. முதல் வளைவு 30° என்றால், எதிர்த்திசையில் இரண்டாவதும் 30° இருக்க வேண்டும். அப்போதுதான் குழாயின் இரு முனைப்பகுதிகளும் இணையாக இருக்கும். ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்று நாம் நடத்தும் பாடம் இதுதான்.

இரண்டு வளைவுக் குறிகளுக்கும் இடையே எவ்வளவு நீளம் விடவேண்டும்? சாய்ந்த பகுதியைக் கர்ணமாகக் கொண்டு செங்கோண முக்கோணம் வரையுங்கள். எதிர்ப்பக்கம் 3 அங்குலம். தேவைப்படுவது கர்ணம். தெரிந்தது எதிர்ப்பக்கம், வேண்டியது கர்ணம் என்றால் பெருக்கவேண்டியது கோசீகண்ட்டால்தான். கோசீகண்ட் 30° என்பது 2. ஆகவே 3 × 2 = 6 அங்குலம்.

கருவியின் எண்களை அட்டவணையோடு ஒப்பிட்டால் இப்படி வருகிறது: 60°க்கு 1.155, கருவியில் 1.2. 45°க்கு 1.414, கருவியில் 1.4. 22½°க்கு 2.613, கருவியில் 2.6. 10°க்கு 5.76, கருவியில் 6. தோராயமாக்கியதால் பெரிய பிழை வருமா என்று மாணவர்களைக் கேட்கலாம். 10°யில் 2 அங்குல விலகலுக்கு 12 அங்குலம் குறித்தால், உண்மையில் கிடைக்கும் விலகல் 12 × சைன் 10°, அதாவது 2.08 அங்குலம். சுவருக்குள் அது பொருட்டல்ல. எங்கே தோராயம் போதும் என்று தீர்மானிப்பதும் கணக்குதான்.

இன்னொரு சிக்கல் உண்டு. நேராகச் சென்றிருக்க வேண்டிய குழாய் சாய்ந்து செல்வதால் அதன் எட்டும் தூரம் குறைகிறது. கர்ணத்துக்கும் அடுத்துள்ள பக்கத்துக்கும் உள்ள வேறுபாடுதான் அந்தக் குறைவு. விலகலின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் இது கோசீகண்ட்டிலிருந்து கோடேன்ஜெண்ட்டைக் கழித்தால் கிடைப்பது. அதைச் சுருக்கினால் பாதிக்கோணத்தின் டேன்ஜெண்ட் வரும். பதினொன்றாம் வகுப்பில் நாம் நிறுவச் சொல்லும் முற்றொருமை இது. 30°க்கு டேன்ஜெண்ட் 15° = 0.268. பணியாளர்கள் இதை ஓர் அங்குலத்துக்குக் கால் அங்குலம் என்று நினைவில் வைத்திருக்கிறார்கள். 45°க்கு 0.414, அவர்கள் கணக்கில் ⅜ அங்குலம்.

தடை 30 அங்குலத் தூரத்தில் இருப்பதாகக் கொள்வோம். விலகல் 3 அங்குலம், எனவே குறைவு ¾ அங்குலம். முதல் குறி 30¾ அங்குலத்தில். அதிலிருந்து 6 அங்குலம் பின்னால், 24¾ அங்குலத்தில், இரண்டாவது குறி. சரிபார்ப்போம்: 24.75 உடன் 6 × கோசைன் 30°, அதாவது 5.2 சேர்த்தால் 29.95. தடைக்குச் சரியாக வந்துவிட்டோம்.

வளைக்கும்போது கையால் இழுப்பதைவிடக் காலால் அழுத்துவது முக்கியம் என்றார் என் மாணவர். இல்லாவிட்டால் குழாய் நசுங்கும். இரண்டாவது வளைவுக்குக் குழாயைச் சரியாக 180° திருப்ப வேண்டும். சற்றுப் பிசகினாலும் இரு வளைவுகளும் ஒரே தளத்தில் அமையாமல் குழாய் முறுக்கிக்கொண்டு நிற்கும். தளம் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் வகுப்பில் தந்ததில்லை.

360° எல்லை

ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிவரை உள்ள எல்லா வளைவுகளின் கூடுதல் 360°ஐத் தாண்டக்கூடாது என்பது இன்னொரு விதி. கம்பியை உள்ளே இழுக்கும்போது ஏற்படும் உராய்வே காரணம். வளைவுகளில் இழுவிசை கூட்டலாக அல்ல, பெருக்கலாக உயர்கிறது. உராய்வுக் குணகம் 0.3 என்று கொண்டால், ஒரு 90° வளைவைக் கடக்க விசை 1.6 மடங்காகிறது. இரண்டுக்கு 2.56, மூன்றுக்கு 4.1, நான்குக்கு ஏறத்தாழ 6.6 மடங்கு. பத்தாம் வகுப்பின் பெருக்குத் தொடர் வரிசை இது. எல்லையை மீறினால் கம்பியின் மேலுறை சிதையும். சுவரை மூடியபின் அந்தப் பழுது கண்ணுக்குத் தெரியாது.

வகுப்பறையில் செய்ய

தொடக்க வகுப்புகளில் சுவர்ப்பலகை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். 96 அங்குல நீளத்தில் 16 அங்குலத்துக்கு ஒரு சட்டம் என்றால் எந்தெந்த இடங்களில் கோடு வரும்? 16, 32, 48, 64, 80, 96. பதினாறாம் வாய்ப்பாடும் அளவுகோலும் ஒன்றாகிவிடும். ½, ¼, ⅜ அங்குலங்களை அளவு நாடாவில் தேடச் சொன்னால் பின்னங்களின் ஒப்பீடு தானே வரும்.

உயர்நிலை வகுப்புகளில் எளிதில் வளையும் அலுமினியக் கம்பி, கோணமானி, அளவுகோல் ஆகியவை போதும். ஒரு தாளில் 5 செ.மீ. இடைவெளியில் இரு இணைகோடுகள் வரையச் சொல்லுங்கள். ஒரு குழு 30°யிலும் மற்றொரு குழு 45°யிலும் கம்பியில் குறியிட்டு வளைத்து, இரு கோடுகளிலும் பொருத்திக் காட்டட்டும். முதல் குழு 10 செ.மீ., இரண்டாவது குழு ஏறத்தாழ 7 செ.மீ. குறித்திருக்க வேண்டும். தவறாகக் குறித்த கம்பி கோட்டில் பொருந்தாது. ஆசிரியர் திருத்த வேண்டியதில்லை. மின்இணைப்பு எதையும் மாணவர் தொடவேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று கரும்பலகையில் முக்கோணம் வரைந்து, 2 எங்கிருந்து வருகிறது என்று என் மாணவருக்குக் காட்டினேன். சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ 35 டிகிரிக்கும் நானே கண்டுபிடிச்சுக்கலாமா சார்?" என்று கேட்டார். கருவியில் இல்லாத கோணம் அது. அட்டவணையைப் புரட்டி 1.74 என்று அவரே எடுத்தார்.

மறுநாள் அவரைப் பத்தாம் வகுப்புக்கு அழைத்துச் சென்றேன். கோசீகண்ட்டை நடத்தியது அவர்தான். நான் கடைசி இருக்கையில் அமர்ந்திருந்தேன். உங்கள் ஊரிலும் மின்பணியாளர், தச்சர், கொத்தனார், வெல்டர் என்று யாராவது இருப்பார்கள். அவர்களில் சிலர் நம்மிடம் படித்தவர்களாகவும் இருக்கலாம். ஒரு பாடவேளைக்கு அவர்களை அழைத்துப் பாருங்கள். "உனக்குக் கணக்கு வராது" என்று நான் இப்போது யாரிடமும் சொல்வதில்லை.