எந்தச் செலவைக் கேட்கிறீர்கள்?

கணக்கு வழக்கு - 11

வீரசோழன் சந்தைக்கு ஆடு ஓட்டி வருகிறவரிடம் விலை கேட்டால் உடனே சொல்வார். இந்த ஆட்டுக்கு இதுவரை என்ன செலவு ஆனது என்று கேட்டுப் பாருங்கள். “மேய்ச்சல்ல வளந்தது, அதுக்கென்ன செலவு?” என்பார் ஒருவர். இன்னொருவர் வாங்கிய விலையைச் சொல்வார். கேட்கிறவர் வியாபாரி என்று தெரிந்தால் அதோடு ஆயிரம் இரண்டாயிரம் சேர்த்தும் சொல்வார். அது பேரத்தின் பகுதி, பொய்க்கணக்கு என்று கோபப்பட ஒன்றுமில்லை. எனக்குச் சிக்கலாகப் படுவது வேறு. அந்த மனிதர் வீட்டுக்குப் போய் விற்கலாமா வைத்திருக்கலாமா என்று தனக்குத்தானே கணக்குப் போடும்போதும் இதே இரண்டு பதில்களில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்கிறார். ஒன்றில் செலவே இல்லை. மற்றதில் போன செலவு மட்டும் இருக்கிறது. முடிவெடுக்க இரண்டும் உதவாது.

சென்ற வாரம் விருதுநகர் மண்டிக் கடைகளின் சிட்டையையும் பேரேட்டையும் புரட்டினோம். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, யார் பாக்கி என்று அவை துல்லியமாகச் சொல்லிவிடும். நாளைக்கு என்ன செய்வது என்று கேட்டால், பேரேட்டில் உள்ள செலவுகளில் சிலவற்றை அடித்துவிட்டு, அதில் இல்லாத சிலவற்றைச் சேர்க்க வேண்டியிருக்கும். எதை அடிப்பது, எதைச் சேர்ப்பது என்பது கேள்விக்குக் கேள்வி மாறும். ஜான் மாரிஸ் கிளார்க் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1923இல் நிலைச்செலவுகள் பற்றி ஒரு தடித்த புத்தகம் எழுதினார். அதில் ஓர் அத்தியாயம் முழுக்க இதைத்தான் பேசுகிறது: ஒவ்வொரு நோக்கத்துக்கும் செலவு வேறு. ரயில்வே கம்பெனிகளையும் பெரிய ஆலைகளையும் மனத்தில் வைத்து அவர் எழுதியது, திருச்சுழி வட்டாரத்து ஆட்டுக்கும் உளுந்துக்கும் அப்படியே பொருந்துகிறது.

ஒரு கிடாயை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளலாம். 6,000 ரூபாய்க்கு வாங்கியது. தவிடு, பிண்ணாக்கு, குடற்புழு மருந்து என்று 1,500 போயிருக்கிறது. பக்ரீதுக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது ஒரு வியாபாரி வந்து 7,000 தருகிறேன் என்கிறார். வீட்டில் என்ன பேசுவார்கள்? “அடக்கமே ஏழாயிரத்து ஐந்நூறு. நட்டத்துக்கா கொடுப்பது?” கிடாய் கொட்டிலிலேயே நின்றுவிடும்.

நிறுத்தியது சரியா? பக்ரீது நேரத்தில் 8,200 வரை போகும் என்று நம்பலாம். அதுவரை தீவனத்துக்கு 900 ஆகும். கழித்தால் 7,300, இப்போது கிடைப்பதைவிட 300 அதிகம். நிறுத்தியது சரி என்று தோன்றும். ஆனால் ஆடு உயிருள்ள சரக்கு. துள்ளுமாரி இருக்கிறது, ஆட்டுக்கொல்லி நோய் இருக்கிறது, நாய் இருக்கிறது, திருட்டும் இருக்கிறது. ஒன்றரை மாதத்தில் இருபதில் ஒன்று போகும் என்று வைத்தால் 8,200இல் 410ஐக் கழிக்க வேண்டும். மிஞ்சுவது 6,890. இன்றைய 7,000 இதைவிட நல்ல விலை. அந்த வீட்டில் ரெண்டு வட்டிக் கடன் ஒன்று இருக்கிறதென்றால், இன்று கைக்கு வரும் 7,000ஐக் கடனில் கட்டினால் ஒன்றரை மாத வட்டி 210 மிச்சம். கொடுத்துவிடுவதுதான் கணக்கு.

இவ்வளவு கூட்டல் கழித்தலில் 7,500 என்ற அடக்க விலை எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். வியாபாரி 6,500தான் தருவேன் என்று நின்றிருந்தால், வட்டியையும் சேர்த்துப் பார்த்தாலும் வைத்திருப்பதுதான் நல்லது. அந்த முடிவிலும் 7,500க்கு வேலை இல்லை. கிடாய் வாங்கலாமா என்று பங்குனியில் யோசித்தபோது அது முக்கியமான எண். வாங்கிய மறுநாளிலிருந்து அது பழங்கதை. அடுத்த வருஷம் மறுபடி வாங்குவதா என்ற கேள்வி வரும்போது திரும்ப உயிர் பெறும். இடையில் அதைப் பேச்சில் சேர்க்கிறவர் வீராப்புக்காகத்தான் சேர்க்கிறார்.

பக்ரீதைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. பிறைக் கணக்கில் வரும் பண்டிகை என்பதால் ஒவ்வொரு வருஷமும் பதினொரு நாள் அளவுக்கு முன்னால் நகர்கிறது. 2023இல் ஜூன் 29, 2024இல் ஜூன் 17, 2025இல் ஜூன் 7. இதே ஓட்டத்தில் 2030களின் தொடக்கத்தில் பங்குனிக்கு வந்துவிடும். வானம் பார்த்த பூமியில் ஆடு வளர்க்கிறவருக்கு இது சின்னச் செய்தி இல்லை. வடகிழக்குப் பருவமழையில் முளைக்கும் புல் தை, மாசி வரை தாங்கும். சித்திரை, வைகாசியில்தான் மேய்ச்சல் காய்ந்து, காசு கொடுத்துத் தீவனம் வாங்க வேண்டியிருக்கும். ஜூன் மாதப் பக்ரீதுக்குக் கிடாய் வைத்திருந்தவர் அந்தக் கோடையைச் சுமந்தே ஆகவேண்டும். பங்குனிப் பக்ரீதுக்கு அந்தச் சுமை பெருமளவு கழிந்துவிடும். குர்பானிக்கு வெள்ளாடு ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும். சினைக்காலம் ஐந்து மாதம். ஆக, பண்டிகைக்குப் பதினேழு மாதம் முன்பே கிடாயைச் சேர்க்கும் நாளைத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. நாட்காட்டியைப் பார்த்துப் போடும் இந்தக் கணக்குக்கு ஒரு ரூபாய் முதலீடு வேண்டாம்.

இனி, “அதுக்கென்ன செலவு” என்றவரிடம் வருவோம்.

மேய்க்கிறவர் வீட்டு ஆள். சம்பளம் இல்லை. அதனால் செலவு பூஜ்யம் என்பது அவர் வாதம். நெல்லும் பருத்தியும் விளைவிக்கிறவர்களின் வீட்டிலும் இதே வாதம்தான். இதை வைத்து நாடு தழுவிய ஒரு சண்டையே பல வருஷமாக நடக்கிறது. 1965இல் மத்திய அரசு வேளாண் விலைகள் ஆணையத்தை அமைத்தது. 1985இல் அதற்கு வேளாண் செலவுகள் மற்றும் விலைகள் ஆணையம் என்று பெயர் மாறியது. குறைந்தபட்ச ஆதரவு விலைக்குப் பரிந்துரை செய்வது இந்த ஆணையம்தான். விதை, உரம், கூலி, குத்தகை என்று கையை விட்டுப் போன செலவு ஏ2. அதோடு வீட்டு ஆட்களின் உழைப்புக்கு ஒரு கூலி மதிப்புப் போட்டுச் சேர்த்தால் ஏ2 கூட்டல் எஃப்எல். சொந்த நிலத்துக்குக் குத்தகை மதிப்பும் சொந்த முதலுக்கு வட்டியும் சேர்த்தால் சி2.

2023-24 காரிஃப் பருவத்துக்கு ஆணையம் போட்ட கணக்கில் சாதாரண ரக நெல் குவிண்டாலுக்கு ஏ2 கூட்டல் எஃப்எல் 1,455 ரூபாய். சி2 1,911 ரூபாய். ஆதரவு விலை 2,183. முதல் கணக்கின்படி விவசாயிக்குச் செலவில் பாதி அளவு லாபம், அதாவது 728 ரூபாய். செலவைப்போல் ஒன்றரை மடங்கு விலை தருகிறோம் என்று 2018 பட்ஜெட்டிலிருந்து அரசு சொல்லிவருவது இதை வைத்துத்தான். இரண்டாவது கணக்கின்படி லாபம் 272 ரூபாய்தான். எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் செலவுக்கு மேல் குறைந்தது 50 சதவீதம் என்று சொன்னதை, சி2வுக்கு மேல் 50 சதவீதம் என்று விவசாயச் சங்கங்கள் கேட்கின்றன. அப்படியானால் விலை 2,866 ரூபாய் 50 காசு வரவேண்டும். அதே வயல், அதே நெல். வித்தியாசம் குவிண்டாலுக்கு 683 ரூபாய்க்கு மேல்.

யார் சொல்வது சரி? அரசிடம் விலை கேட்கும்போது சி2தான் சரியென்பது என் கட்சி. நிலமும் உழைப்பும் சும்மா வந்தவை அல்ல. ஆனால் நரிக்குடிப் பக்கம் புழுதியில் விதைத்து, ஐப்பசி மழை ஏமாற்றி, கதிர் பாதி பதராகிப் போன வயலின் வரப்பில் நிற்கிறவருக்கு சி2வால் ஒரு பிரயோசனமும் இல்லை. அவர் பார்க்க வேண்டியது இரண்டே எண்: அறுவடைக்கு இனிமேல் ஆகும் கூலி, மூட்டையாகக் கிடைக்கப்போகும் காசு. ஏக்கருக்குப் போட்ட 9,000 எந்தப் பெயரில் இருந்தாலும் போனதுதான். 5,000 ரூபாய் நெல்லுக்கு 3,000 கூலி என்றால் அறுக்கலாம். 6,000 கூலி என்றால் ஆட்டுக்காரரிடம் மேய்ச்சலுக்கு விட்டுக் கிடைத்ததை வாங்கிக்கொள்ளலாம். இந்த ஊர்க்காரர்கள் இதைப் படிக்காமலே சரியாகச் செய்கிறார்கள். அவர்கள் தடுக்கி விழுவது அடுத்த புரட்டாசியில், மறுபடி நெல்லா, உளுந்தா, தரிசா என்று கேட்கிற இடத்தில். அங்கே சி2 வேண்டும். அங்கே போய்க் கைச்செலவை மட்டும் பார்க்கிறார்கள்.

தரிசு என்றால் இங்கே சீமைக் கருவேலம். விதைக்க வேண்டாம், தண்ணீர் வேண்டாம். மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை வெட்டுக்குக் கொடுத்தால் மூட்டம் போட்டுக் கரியாக்குகிறவர் மொத்தப் பணத்தைக் கையில் தந்துவிட்டுப் போவார். அந்த மரத்தைத் திட்டாத கூட்டமில்லை, அதை வேரோடு எடுக்கச் சொல்லி நீதிமன்றம் வரை வழக்குகள் போயின. ஆனால் கணக்காகப் பார்த்தால், இந்த வட்டாரத்து மானாவாரி நிலத்தின் உண்மையான குத்தகை மதிப்பை நிர்ணயிப்பது அந்த மரம்தான். அது வருஷத்துக்கு ஏக்கருக்கு எவ்வளவு தருகிறதோ, அதைவிட அதிகமாகத் தராத எந்தப் பயிரும் வீட்டுக்காரருக்கு நட்டம். மேடையில் எவ்வளவு பேசினாலும் மரம் திரும்ப முளைப்பதற்கு வேரின் பிடிவாதம் மட்டும் காரணமில்லை. அதே மரத்தின் நெற்று ஆட்டுக்குக் கோடைத் தீவனம். பொறுக்கி மூட்டை கட்டி விற்கவும் செய்கிறார்கள். விற்றால் காசாகும் நெற்றைத் தன் ஆட்டுக்குப் போடுகிறவர், அந்தக் காசைத் தீவனச் செலவாக எழுதத்தான் வேண்டும்.

மேய்ப்பவரின் கூலியும் அப்படியே. 2024-25இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த நாள்கூலி 319 ரூபாய். ஆட்டுக்குப் பின்னால் போகிறவர் அந்த வேலையை விட்டுவிட்டுப் போகிறார் என்றால், நூறு நாளுக்கு 31,900 ரூபாயை ஆடுகள் அவருக்குக் கொடுக்க வேண்டும். பட்டியில் பத்து ஆடு என்றால் தலைக்கு 3,190. நாற்பது ஆடு என்றால் தலைக்கு 800க்கும் குறைவு. எழுபத்தைந்து வயதுப் பாட்டி மேய்க்கிறார், அவருக்கு வேறு கூலி கிடைக்காது என்றால் இந்தச் செலவு நிஜமாகவே பூஜ்யம். எட்டாம் வகுப்புப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி மேய்க்க அனுப்பினால் அந்தச் செலவு எந்தச் சிட்டையிலும் ஏறாது. எல்லாவற்றையும்விடப் பெரியது அதுதான்.

பத்துக்கும் நாற்பதுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தில் ஒரு மருத்துவமனையே எழுந்து நிற்கிறது, இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத மதுரையில். எட்டயபுரத்துப் பக்கம் வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் கோ.வெங்கடசாமி, 1976இல் பதினோரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அறுவை அரங்கும் மருத்துவரும் செவிலியரும் இருந்துவிட்ட பிறகு, அடுத்த நோயாளிக்கு ஆகும் கூடுதல் செலவு கொஞ்சம்தான். காசு கொடுப்பவர்களிடம் வாங்கியதில் காசில்லாதவர்களுக்கும் அறுவை செய்ய முடிந்தது இதனால்தான். ஆனால் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ், எத்தனை பேருக்குச் செய்தாலும் தலைக்கு ஒன்று வேண்டும். அது வெளிநாட்டிலிருந்து வந்தது, விலையும் அதிகம். எண்ணிக்கை கூடுவதால் குறையாத செலவு அது ஒன்று. அதைக் கண்டுபிடித்து, 1992இல் அரோலேப் தொடங்கி லென்ஸைத் தாங்களே செய்தார்கள். ஆட்டுப் பட்டியிலும் அப்படி ஒரு எல்லை இருக்கிறது. ஓர் ஆளால் மேய்க்க முடிந்த எண்ணிக்கையைத் தாண்டி ஒரே ஓர் ஆடு கூடினாலும் இரண்டாவது ஆள் வேண்டும். அந்த ஓர் ஆட்டின் செலவு ஒரு முழுக் கூலி.

கடைசியாக, ஆடு வாங்க முதலே இல்லாதவர். அவருக்கு இந்தப் பக்கம் பழைய வழி ஒன்று உண்டு: வாரத்துக்குப் பிடிப்பது. தாயாடு ஒருவருடையது, மேய்ப்பது இன்னொருவர், குட்டியில் பாதிப் பாதி. தாயாடு செத்தால் நட்டம் சொந்தக்காரருக்கு. ஒருவர் முதலும் மற்றவர் உழைப்பும் போட்டு லாபத்தைப் பங்கிடும் முளாரபா என்ற இஸ்லாமிய வணிக முறைக்கு இது நெருங்கிய உறவு. 8,000 ரூபாய்த் தாயாடு வருஷத்துக்கு இரண்டு குட்டியைத் தங்கவைக்கிறது, குட்டி 3,500 போகும் என்று வைப்போம். வாரம் பிடிப்பவர் சொந்தக்காரருக்குக் கொடுப்பது ஒரு குட்டி, 3,500. அதே 8,000ஐ ரெண்டு வட்டிக்கு வாங்கியிருந்தால் வருஷ வட்டி 1,920. பத்தில் ஒரு தாயாடு சாகும் என்று அதற்கு 800 சேர்த்தாலும் 2,720தான். வாரம் பிடிப்பவர் 780 ரூபாய் அதிகம் கொடுக்கிறார். ஆடு மலடாகப் போன வருஷத்திலும் செத்த வருஷத்திலும் யாரும் வாசலில் வந்து நிற்காமல் இருப்பதற்கான விலை அது. சாவுக்குச் சேர்த்த 800க்குப் பதில் காப்பீடு எடுத்து, அதன் பிரீமியம் 1,580க்குக் கீழே வந்தால் கடனும் காப்பீடும் சேர்ந்தது சகாயம் என்று சொல்லத் தோன்றும். நிலமில்லாத பெண்ணுக்கு ரெண்டு வட்டிக்கு யார் கொடுக்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். மகளிர் குழுவில் ஒரு வட்டிக்குக் கிடைத்தால் வட்டி 960. கணக்கு இன்னும் கடன் பக்கம் சாயும். ஆனால் குழுக் கடனின் தவணை மாதாமாதம் வரும், குட்டி மாதாமாதம் வராது. அந்த இடைவெளியை எதைக் கொண்டு அடைப்பது என்பதை அடுத்த வாரம் பார்க்கலாம்.

(தொடரும்)