படுக்கையில் விழுந்த பெற்றோர்: அரசு உதவி எந்த வாசலில் கிடைக்கும்?

நம் வணிகர் குடும்பங்களில் தகப்பனாரோ தாயாரோ பக்கவாதத்தில் விழுந்தால், முதல் பத்து நாள் ஆஸ்பத்திரிச் செலவை எப்படியோ சமாளித்துவிடுகிறோம். சீட்டு எடுக்கிறோம், நகையை அடகு வைக்கிறோம், மொத்தக் கடையில் பாக்கி சொல்கிறோம். கடையின் முதலைக் கரைப்பது அந்தப் பத்து நாள் அல்ல. அதற்குப் பின் வரும் மூன்று வருடமும் ஐந்து வருடமும்தான். மருந்து, டயப்பர், உணவுக் குழாய் மாற்றுவது, புரட்டிப் படுக்க வைக்க ஓர் ஆள் என்று தினமும் ஒரு செலவு. மொத்த வியாபாரம் செய்யும் எங்களுக்கு இது சரக்குச் சிட்டையிலேயே தெரிந்துவிடும். வாரம் இருபது மூட்டை அரிசி எடுத்தவர் பன்னிரண்டுக்கு வருவார், பிறகு எட்டு. விசாரித்தால் வீட்டில் நோயாளி இருப்பார்.

இந்த நீண்டகாலச் செலவுக்கு அரசிடம் ஏதும் கிடைக்காது என்று பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் காப்பீட்டு அட்டை ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும் என்று நம்பிவிடுகிறார்கள். இரண்டு எண்ணமுமே சரியல்ல.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்திற்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை உண்டு. ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் இருக்க வேண்டும். ஆனால் இந்தப் பணம் பட்டியலில் உள்ள சிகிச்சைக்காக ஆஸ்பத்திரிக்குப் போகிறது. நம் கைக்கு வருவதில்லை. டயாலிசிஸ் போல் திரும்பத் திரும்பச் செய்யும் சிகிச்சைக்கு இடம் உண்டு. வீட்டில் பார்த்துக்கொள்ளும் ஆளின் சம்பளத்திற்கு இடமில்லை. 70 வயது கடந்தவர்களுக்கு வருமானம் பாராமல் ரூ.5 லட்சம் என்று 2024 அக்டோபர் 29 அன்று மத்திய அரசு தொடங்கிய வய வந்தனா அட்டையும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்குத்தான். எந்த அட்டையாக இருந்தாலும், நோயாளியைச் சேர்க்கும் முன்பே அந்த ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் அது செல்லுமா என்று கேட்டுவிட வேண்டும்.

வீட்டுக்கு வரும் உதவி வேறு வழியில் வருகிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், ரத்த அழுத்தம், சர்க்கரை மருந்துகள் வீட்டுக்கே வருகின்றன. இயன்முறைச் சிகிச்சையாளரும், நோய்த்தணிப்புச் சேவைக்கான செவிலியரும் வீட்டுக்கு வந்து பார்க்கிறார்கள். நம் பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். கடை வைத்திருக்கிறோமே, இதற்குப் போய் நிற்பதா என்று கூச்சப்படுகிறவர்கள் உண்டு. நாம் கட்டும் வரியில் நடப்பதுதான் அது, கூச்சம் எதற்கு?

பலருக்குத் தெரியாத இன்னொரு வாசல், மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். கை கால் விழுந்த முதியவரும் சட்டப்படி மாற்றுத்திறனாளிதான் என்பது நம்மவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. பார்க்கின்சன் நோயும் அதில் அடக்கம். நோய் ஒரு நிலைக்கு வந்தபின் அரசு மருத்துவர் சதவீதம் குறித்துச் சான்று தருவார். கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கு மாநில அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை 2023 சனவரி முதல் மாதம் ரூ.2,000. அதிக ஆதரவு தேவைப்படுவோரின் உதவியாளருக்கு ரூ.1,000 தரும் திட்டமும் இருக்கிறது. அதிக ஆதரவு வேண்டும் என்று நோயாளியோ அவர் சார்பில் மற்றவரோ விண்ணப்பிக்கலாம் என்று அந்தச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு சொல்கிறது. தொகை சிறிதுதான். ஆனாலும் பராமரிப்புக்கென்றே வரும் பணம் இது ஒன்றுதான்.

இனி நம் பகுதிக்கே உரிய விஷயம். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியதிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளில் ஒருவராவது கம்பெனி வேலைக்குப் போகிறார். மூத்தவர் கடையில், இளையவர் தொழிற்சாலையில். இளையவர் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தாலும், சம்பளம் 2017-இல் நிர்ணயித்த ரூ.21,000 வரம்புக்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டு. அவரைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் அதில் மருத்துவம் உண்டு. செலவுக்கு உச்சவரம்பு கிடையாது. பெற்றோரின் சொந்த வருமானத்திற்கு மட்டும் ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். கடை அப்பா பெயரில் இருக்கும்வரை அவரைச் சார்ந்தவர் என்று காட்டுவது கடினம். கடையை மூத்தவர் பெயருக்கு முறைப்படி மாற்றிய பின் நிலைமை வேறு. இளையவரின் இ.எஸ்.ஐ. பதிவில் பெற்றோர் பெயர் ஏறியிருக்கிறதா என்று இன்றே பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் மனைவி, பிள்ளைகளோடு நிறுத்தியிருப்பார்கள். பெரிய சிகிச்சைக்கு வேலையில் இவ்வளவு காலம் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. ஆகவே நோய் வந்தபின் ஓடுவதில் பயனில்லை.

இங்கிலாந்தில் வழி வேறு. அங்கே நோயாளியின் தேவை முதன்மையாக மருத்துவம் சார்ந்தது என்று மதிப்பீட்டில் முடிவானால், வீட்டில் பார்த்துக்கொள்ளும் செலவு முழுவதையும் அரசு மருத்துவத் துறையே ஏற்கிறது. குடும்பத்தின் சொத்தையும் வருமானத்தையும் பார்ப்பதில்லை. பமீலா காக்லன் என்ற பெண்மணி நடத்திய வழக்கில் 1999-இல் வந்த தீர்ப்பு இதற்கு ஓர் அடிப்படை. ஆனால் அங்கும் மூச்சு, உணவு, நடமாட்டம், நினைவு என்று தலைப்புத் தலைப்பாகப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். இரவில் எத்தனை முறை எழுப்ப வேண்டியிருக்கிறது, எத்தனை முறை மூச்சுத் திணறியது என்று தேதி போட்டு எழுதி வைத்த குடும்பத்திற்கு அங்கே வாதாட வசதி. ‘ரொம்பக் கஷ்டம் ஐயா’ என்று சொன்னால் எந்த நாட்டு அலுவலகத்திலும் வேலை நடக்காது. நாள்வழியும் பேரேடும் எழுதிப் பழகிய நமக்கு இது புதிதா என்ன? நோயாளிக்கும் ஒரு நாள்வழி போடுங்கள்: என்ன நடந்தது, யார் பார்த்துக்கொண்டார், எவ்வளவு செலவு, ரசீது எங்கே. பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களையே எழுதச் சொன்னால் கணக்கு சரியாக இருக்கும். அண்ணன் தம்பிகளுக்குள் பங்கு பேசும்போதும் அதே நோட்டு உதவும்.

அந்த ரசீதுகள் வருமான வரியிலும் பயன்படும். பழைய முறையில் கணக்குக் காட்டுவோர், காப்பீடு இல்லாத மூத்த பெற்றோரின் மருத்துவச் செலவில் ரூ.50,000 வரை கழித்துக்கொள்ளலாம். புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு, மறதி நோய் போன்றவற்றுக்கு, சிறப்பு மருத்துவரின் சான்றுடன், மூத்த குடிமகனுக்கு ரூ.1 லட்சம் வரை உண்டு. புதிய முறைக்கு மாறியவர்களுக்கு இவை கிடையாது. மாறுமுன் ஆடிட்டரிடம் இரண்டு விதமாகவும் போட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

காஞ்சிபுரம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை தோறும் குறைதீர்க்கும் நாள். ஆதார், குடும்ப அட்டை, வருமானச் சான்று, மருத்துவரின் குறிப்பு, அந்த நாள்வழி நோட்டு ஆகியவற்றில் இரண்டிரண்டு நகலோடு போங்கள். மனுவைக் கொடுத்ததும் அதற்கான ரசீது எண்ணை வாங்காமல் படி இறங்க வேண்டாம்.