கொல்லிமலைக்கு பைக்கில் ஜோடியா? 70 வளைவு, உஷார்!

லீவு விட்டால் போதும். மனைவியைப் பின்னால் ஏற்றி, மூட்டையைக் கட்டி, கொல்லிமலைக்கு விட்டு விடுகிறார்கள் இளைஞர்கள்.

சேலம்-நாமக்கல் நான்குவழிச் சாலையில் கவலை இல்லை. பாரமே தெரியாது. மலை அடிவாரமான காரவள்ளி தாண்டியதும்தான் வேலை ஆரம்பம். 70 கொண்டை ஊசி வளைவுகள்! ஏற்காட்டில்கூட 20தான்.

இப்படிப்பட்ட பயணத்துக்கென்றே வந்த வண்டி, ராயல் என்பீல்டின் ஹிமாலயன் 450. 2023-ல் வெளிவந்தது. 452 சி.சி. வண்டி மட்டுமே 196 கிலோ. இரண்டு ஆள், சாமான் சேர்ந்தால் 350 கிலோவைத் தொடும்!

இறக்கத்தில் ஆபத்து

ஏறுவது பெரிதல்ல. இறங்குவதில்தான் இருக்கிறது வினை. பிரேக்கையே மிதிச்சுக்கிட்டு வந்தா சூடேறி பிடிக்காமப் போயிடும். சின்ன கியரில் இறங்கினால் என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரல் கூடவே கூடாது.

கனமான சாமானைப் பின்னால் உயரத்தில் கட்டாதீர்கள். முன்சக்கரம் லேசாகி, ஹேண்டில்பார் சொன்ன பேச்சு கேட்காது. இரண்டு பக்கமும் தாழ்வாக, சமமாகக் கட்டுங்கள். பின் ஷாக் அப்சார்பரைப் பாரத்துக்குத் தக்கபடி இறுக்குங்கள். டயர் காற்று, இருவர் போவதற்கு வண்டிப் புத்தகம் சொல்லும் அளவு இருக்கட்டும்.

சேலை ஜாக்கிரதை!

பின்னால் இருப்பவர் ஒரு பக்கமாக உட்காரக் கூடாது. வளைவில் வண்டியோடு சேர்ந்து சாய முடியாது. முந்தானை, துப்பட்டா சக்கரத்தில் சிக்கினால் உயிருக்கே உலை. ஹெல்மெட் இருவருக்கும் கட்டாயம்.

ஆகாயகங்கை அருவி எங்கேயும் ஓடிப்போகாது. மெதுவாகவே போங்கள்!