எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

விஜயதசமியன்று தாம்பாளத்து நெல்லில் குழந்தையின் விரலைப் பிடித்து 'அ' எழுத வைக்கிறோம். மறுநாளே கவலை ஆரம்பித்துவிடுகிறது: எந்த ஸ்கூல்? மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் குடியிருக்கும் தாய்மார்களுக்கு இந்தக் கவலை சற்றுக் கூடுதல். பள்ளிகளுக்கு இங்கே பஞ்சமில்லையே! சாந்தோமில் செயின்ட் பீட்ஸ், மயிலாப்பூரில் 1956-ல் தொடங்கிய வித்யா மந்திர், நுங்கம்பாக்கத்தில் 1958-ல் தொடங்கிய பத்மா சேஷாத்ரி என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். மாமியார் ஒன்று சொல்வார், நாத்தனார் ஒன்று சொல்வார்.

என்னைக் கேட்டால், பள்ளியின் பெயரைப் பார்க்குமுன் குழந்தையின் ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள் என்பேன்.

எங்கள் எதிர் வீட்டுப் பெண் தன் மகளுக்கு ஊரின் இன்னொரு கோடியில் பெரிய பள்ளி ஒன்றில் இடம் வாங்கினாள். ஆறே மாதத்தில் என்னிடம் வந்து புலம்பினாள். "அக்கா, அஞ்சரைக்கு எழுப்பறேன். தூக்கக் கலக்கத்துல ஒரு வாய் இட்லி இறங்க மாட்டேங்குது. வேன்ல போக வர ரெண்டரை மணி நேரம். கொடுத்தனுப்பற தண்ணியும் அப்படியே திரும்பி வருது. கேட்டா, 'பாத்ரூம் நாத்தம்மா, அதான் குடிக்கலை'ங்கறா. இப்போ நீர்க்கடுப்பு வேற."

அவளை அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கி அடக்கி வைத்தால் நோய்த்தொற்றும் மலச்சிக்கலும் வரும் என்றார். அடுத்த ஜூனில் நடந்து போகும் தூரத்தில் உள்ள சின்னப் பள்ளிக்கு மாற்றினார்கள். இப்போது குழந்தை ஏழு மணிக்கு எழுந்து, சாப்பிட்டுவிட்டுப் போகிறது. மூன்றிலிருந்து ஐந்து வயது வரை குழந்தைக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும். அதை வேன் தின்றுவிட விடலாமா?

"ஸ்டேட் போர்டா, மெட்ரிகுலேஷனா, சி.பி.எஸ்.இ.யா?" என்பது அடுத்த குழப்பம். சமச்சீர் கல்விச் சட்டம் 2010-ல் வந்தது. 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் நடைமுறையானது. அதன்பின் பத்தாம் வகுப்பு வரை ஸ்டேட் போர்டுக்கும் மெட்ரிகுலேஷனுக்கும் பாடத்திட்டம் ஒன்றுதான், பொதுத் தேர்வும் ஒன்றுதான். ஆகவே 'மெட்ரிக்' என்ற பெயருக்காக மட்டும் பணத்தைக் கொட்ட வேண்டாம். சொல்லிக் கொடுப்பவர் யார், வகுப்பில் எத்தனை பேர் என்று பாருங்கள். அடிக்கடி மாற்றலாகும் மத்திய அரசு வேலை என்றால் சி.பி.எஸ்.இ. சௌகரியம்.

'மான்டிசோரி' என்று போர்டு மாட்டிய மழலையர் பள்ளிகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. மான்டிசோரி அம்மையாரே 1939-ல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தவர். அந்த முறையில் குழந்தை தானே சாமானை எடுத்து, பாய் விரித்து வேலை செய்துவிட்டு, எடுத்த இடத்தில் வைக்கும். வரிசையாக உட்கார்ந்து ஏ, பி, சி, டி எழுதிக்கொண்டிருந்தால் போர்டு மட்டும்தான் மான்டிசோரி!

இன்டர்வியூ, டொனேஷன் என்று பயப்படுகிறீர்களா? 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு இரண்டையும் தடுக்கிறது. குழந்தையையோ பெற்றோரையோ சோதித்து வடிகட்டினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம். நன்கொடை வாங்கினால் அதைப் போல் பத்து மடங்கு வரை. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளை இச்சட்டம் கட்டுப்படுத்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. அதையும் நினைவில் வையுங்கள். தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்கவும் தமிழக அரசு 2009-ல் சட்டம் இயற்றியிருக்கிறது. கட்டணக் குழு உங்கள் பள்ளிக்கு எவ்வளவு நிர்ணயித்தது என்று தயங்காமல் கேளுங்கள். கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள்.

விண்ணப்பம் வாங்குமுன் ஒரு நாள் பள்ளியைச் சுற்றிப் பாருங்கள். ஆபீஸ் அறையின் சோபாவைப் பார்த்து மயங்க வேண்டாம். கழிப்பறைக்குள் எட்டிப் பாருங்கள். குடிநீர்க் குழாய் குழந்தைக்கு எட்டுகிறதா? ஆரம்ப வகுப்பில் 30 பேருக்கு ஓர் ஆசிரியர் என்பது சட்டம், எண்ணிப் பாருங்கள். புத்தகப் பை குழந்தையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது; 20 கிலோ குழந்தைக்கு 2 கிலோ. டீச்சர்கள் எத்தனை வருடமாக இருக்கிறார்கள் என்று ஆயாவிடம் பேச்சுக் கொடுங்கள். சரியான பதில் அங்கேதான் கிடைக்கும்.

கட்டணம், வேன், யூனிஃபார்ம், புத்தகம் எல்லாவற்றையும் கூட்டி, மூத்தவளுக்கு மட்டுமல்ல, அடுத்து வரும் தம்பிக்கும் சேர்த்துக் கட்ட முடியுமா என்று கணவரோடு உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். முடியும் என்றால் மட்டுமே கையெழுத்துப் போடுங்கள்.